முதுகு வளைந்து பிறக்கும் குழந்தைகள்: சீக்கிரம் பார்த்தால் சீராக்கலாம்



ஒரு குழந்தையின் முதுகு லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்தால் நம்ம ஊர்ப் பக்கம் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான். "வளர்ந்தா சரியாப் போயிடும்." தமிழில் கூன் என்கிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் கூனி என்கிறார். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடத்தில் கூனு என்கிறார்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் நாலைந்து வகை நோய் இருக்கிறது. அதில் பிறவியிலேயே வருகிற வகை பெரும்பாலும் வளர்ந்தால் சரியாகாது, வளர வளரக் கூடத்தான் செய்யும். மூன்று வயதில் சின்ன ஆபரேஷனில் முடிந்திருக்க வேண்டியது பதிமூன்று வயதில் பெரிய ஆபரேஷனாகிவிடும். செலவும் கூடும், ஆபத்தும் கூடும்.

அதனால் இந்த இதழில் பிறவி முதுகெலும்புக் கோளாறு என்றால் என்ன, ஏன் வருகிறது, டாக்டர்கள் ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள், ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருக்கும் நாம் யாரிடம் போவது, பணத்துக்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவரில் பாதிக் கல் வைத்தால்

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 தனித்தனி எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அதற்குக் கீழே ஒட்டிப்போன எலும்புகளும் வால் எலும்பும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் குழாய் போன்ற வழியில் தண்டுவடம் போகிறது. மூளையிலிருந்து கை, கால், சிறுநீர்ப்பை எல்லாவற்றுக்கும் கட்டளை கொண்டு போகிற நரம்புக் கற்றை அது.

வீடு கட்டும்போது ஹாலோ பிளாக் அடுக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். எல்லாக் கல்லும் சம உயரமாக இருந்தால் சுவர் நேராக எழும்பும். நடுவில் ஒரு கல் ஒரு பக்கம் முழுசாகவும் மறுபக்கம் இல்லாமலும் ஆப்பு மாதிரி இருந்தால் என்ன ஆகும்? அதற்கு மேலே உள்ள வரிசை எல்லாம் ஒரு பக்கம் சாயும். கருவில் ஒரு முதுகெலும்பு இப்படிப் பாதியாக உருவாவதுதான் பிறவிக் கூனின் முதல் வகை. டாக்டர்கள் இதை அரை முள்ளெலும்பு என்பார்கள்.

இரண்டாவது வகை வேறு. எலும்புகள் முழுசாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். தக்காளிச் செடியை ஒரு பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டால் கட்டாத பக்கம் வளரும், கட்டின பக்கம் வளராது, தண்டு வளைந்துவிடும். அதே கதைதான். சில குழந்தைகளுக்கு ஒரு பக்கம் ஒட்டுதலும் எதிர்ப்பக்கம் பாதி எலும்பும் சேர்ந்து இருக்கும். 1982-ல் மெக்மாஸ்டர், ஒட்சுகா என்ற இரண்டு டாக்டர்கள் 251 நோயாளிகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், இந்தச் சேர்ந்த வகைதான் மிக வேகமாகக் கூடுகிறது என்று கண்டார்கள். இந்த வகை என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்றும், முன்பக்கம் குனிந்து முதுகு மேடு தட்டுவதைக் கைபோசிஸ் என்றும் சொல்வார்கள். டாக்டர் சீட்டில் இந்த வார்த்தைகளைப் பார்த்தால் பயப்படாதீர்கள், வளைவின் பெயர்தான். பிறவியில் வரும் பக்கவாட்டு வளைவு உலக அளவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எல்லாருக்கும் கூடுவதில்லை. சிலருக்குக் கடைசி வரை அப்படியே நிற்கும். பலருக்குக் கூடும். யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயும் தொடர் பரிசோதனையும்தான் சொல்லும்.

யார் மேல் பழி?

முதுகெலும்புகள் உருவாவது கரு தங்கிய முதல் ஆறு வாரத்துக்குள். அதாவது நமக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். உண்டாகியிருக்கிறோம் என்று பலருக்கு உறுதியாகக்கூடத் தெரியாத சமயம். எனவே ஐந்தாம் மாசம் குடம் தூக்கினது, ஏழாம் மாசம் கிரகணத்தில் வெளியே வந்தது, எட்டாம் மாசம் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. பிறந்த பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கினதோ, கனமான புத்தகப் பையோ, கோணலாக உட்கார்ந்ததோ பிறவிக் கூனுக்குக் காரணம் இல்லை. மாமியாரும் நாத்தனாரும் மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகளில் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அப்படியென்றால் காரணம் என்ன? பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு காரணம் என்று காட்ட முடியாது. ஆனால் ஆராய்ச்சி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2015-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் பிறவி ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு டி.பி.எக்ஸ்.6 என்ற மரபணுவில் குறை இருப்பதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சாலி டன்வுடி என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2012-ல் எலிகளில் ஒரு சோதனை செய்தது. மரபணுக் குறை மட்டும் இருந்தபோது வந்த பாதிப்பை விட, கர்ப்ப காலத்தில் சிறிது நேரம் பிராணவாயுவும் குறைந்தபோது குட்டிகளின் முதுகெலும்புக் கோளாறு அதிகமானது. பிறப்பிலேயே உள்ள ஒரு பலவீனமும் வெளியிலிருந்து வரும் ஒரு தாக்குதலும் சேரும்போது கோளாறு வரலாம் என்று இதிலிருந்து புரிகிறது. இதுவும் யாருடைய குற்றமும் அல்ல.

தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் குழந்தைக்கு முதுகெலும்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும், குறிப்பாக வால்புரோயேட், முதுகுத்தண்டு மூடாமல் போகும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றிக் கொடுப்பார். மாமன் மகள், அக்கா மகள் என்று ரத்த உறவில் கட்டுவது நம் பக்கம் வழக்கம். அப்படிப்பட்ட திருமணங்களில் பொதுவாகப் பிறவிக் குறைகள் கொஞ்சம் அதிகமாக வருகின்றன என்பதையும் பெண் பேசும்போது மனதில் வைக்க வேண்டும்.

எல்லாக் கூனும் பிறவிக் கூன் அல்ல

நம் மாவட்டத்தில் முதுகு வளைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஒன்று, பிறவிக் கூன். பிறந்தவுடனோ முதல் சில வருஷங்களிலோ தெரியும்.

இரண்டு, வயசுக்கு வரும் சமயம் வரும் கூன். 10 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். எலும்பு நன்றாக இருக்கும், வளைவு மட்டும் வரும். இதில் ஓரளவு வளைவுக்கு பெல்ட் உதவும்.

மூன்று, முதுகெலும்புக் காசநோய். முதுகு வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, நடுமுதுகில் கூர்மையான மேடு. இதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை உண்டு.

நான்கு, தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகமாக இருந்து, அதைப் பல வருஷம் குடித்ததால் எலும்பு இறுகி முதுகு குனிவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பழைய பிரச்சினை இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டதே இதற்காகத்தான். ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள், போர் தண்ணீரை மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு ஆராய்ச்சி சொல்லும் பாடம்

முதுகெலும்புக் காசநோய்க்கு எந்த மருத்துவம் நல்லது என்று சென்னையில் நடந்த ஆய்வுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. அதில் சேர்ந்த 61 குழந்தைகளை 15 வருஷம் தொடர்ந்து பார்த்து, கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் குணமான பிறகும் நூற்றுக்கு 39 குழந்தைகளுக்கு வளரும் காலம் முழுக்கக் கூன் கூடிக்கொண்டே போனது. 44 பேருக்குத் தானாகவே குறைந்தது. 17 பேருக்கு பெரிய மாற்றம் இல்லை. யாருக்குக் கூடும் என்பதை முன்கூட்டியே காட்டும் சில அடையாளங்களையும் எக்ஸ்ரேயில் அவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

இது காசநோய் பற்றிய ஆய்வுதான். ஆனால் பிறவிக் கூன் உள்ள பிள்ளையின் தாய்க்கும் இதில் பாடம் இருக்கிறது. கூனைக் கூட்டுவது குழந்தையின் வளர்ச்சிதான். அதனால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு "ஒண்ணுமில்லைன்னுட்டாரு" என்று விட்டுவிடக் கூடாது. வளர்ச்சி நிற்கும் வரை, அதாவது பதினாறு பதினேழு வயது வரை, டாக்டர் சொன்ன தேதிக்கு எல்லாம் போக வேண்டும். முதல் ஐந்து வயதும் வயசுக்கு வரும் சமயமும் மிக முக்கியம். பிள்ளை வேகமாக உயரும் காலம் அது, வளைவும் அப்போதுதான் வேகமாகக் கூடும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

குளிக்க வைக்கும்போது இரண்டு நிமிஷம் போதும்.

* குழந்தையை நேராக நிற்க வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள். ஒரு தோள் உயர்ந்து மற்றது தாழ்ந்திருக்கிறதா? ஒரு பக்கச் சிறகெலும்பு துருத்துகிறதா?
* கை இரண்டையும் சேர்த்து முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? இதுதான் முக்கியமான சோதனை.
* பாவாடை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறதா?
* முதுகின் நடுவில் முடிக் கொத்து, ஆழமான குழி, மெத்தென்ற கட்டி, நிறம் மாறிய தோல் இருக்கிறதா?
* ஒரு கால் மெலிந்து அல்லது ஒரு பாதம் சின்னதாக இருக்கிறதா? அடிக்கடி தடுக்கி விழுகிறதா?
* பழகின வயசுக்குப் பிறகும் பகலிலேயே சிறுநீர் கசிகிறதா?
* ஓடினால் மற்ற பிள்ளைகளை விட அதிகம் மூச்சு வாங்குகிறதா?

ஒன்று இருந்தாலும் காட்டி விடுங்கள். கால் பலம் திடீரென்று குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே போக வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று தாவணிக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. மறைத்தால் வளைவு நிற்காது. மருத்துவம் செய்ய வேண்டிய வயசுதான் கைநழுவிப் போகும்.

ஆஸ்பத்திரியில் என்ன சோதனை?

முதலில் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்து வளைவு எத்தனை டிகிரி என்று அளப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று சொல்வார்கள். இந்த எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கூடுகிறதா என்று தெரியும்.

பிறவிக் கூன் என்றால் இருதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். "முதுகுக்கு வந்தா இருதயத்தை எதுக்குப் பாக்கறாங்க, காசு புடுங்கவா?" என்று நினைக்க வேண்டாம். முதுகெலும்பு உருவாகிற அதே வாரங்களில்தான் இருதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. ஒன்றில் குறை இருந்தால் மற்றதிலும் இருக்க வாய்ப்பு உண்டு. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவி விடுவது, கட்டுப் போடுவது, தொங்க விடுவது எதுவும் பிறவியில் பாதியாக உள்ள எலும்பை முழுசாக்காது. பலமாக அழுத்தினால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். பெல்ட் கூட இந்த வகையில் அதிகம் உதவுவதில்லை, ஏனென்றால் கோளாறு எலும்பின் வடிவத்திலேயே இருக்கிறது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வளைவு கூடுகிறது அல்லது கண்டிப்பாகக் கூடும் வகை என்று தெரிந்தால் மட்டுமே செய்வார்கள். நான்கு முறைகள் உண்டு.

முதல் முறை, வளைவு சின்னதாக இருக்கும்போதே அந்த இடத்தில் உள்ள இரண்டு மூன்று எலும்புகளை ஒட்ட வைத்து, மேலும் வளையாமல் நிறுத்துவது. இது வளைவை அதிகம் நிமிர்த்தாது, கூடாமல் தடுக்கும்.

இரண்டாவது முறை, அந்தப் பாதி எலும்பையே எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளைத் திருகாணியும் கம்பியும் போட்டு நேராகச் சேர்ப்பது. சுவரில் இருந்த ஆப்புக் கல்லை உருவி விடுவது போல. ஆஸ்திரேலியாவில் ராயல் என்ற டாக்டர் 1928-லேயே இதைச் செய்து எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஆபத்து மிக அதிகம். இப்போது முதுகுப் பக்கம் ஒரே கீறலில் செய்ய முடிகிறது. பெரிய வளைவு ஆவதற்கு முன், சின்ன வயசிலேயே செய்தால் ஒட்ட வேண்டிய எலும்புகளும் குறைவு, பலனும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது முறை, வளரும் கம்பி. நிறைய எலும்புகளில் கோளாறு இருந்து குழந்தையும் சின்னதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒட்டிவிட முடியாது. ஒட்டினால் முதுகு வளராது, மார்புக்கூடு சின்னதாகவே நின்று நுரையீரலுக்கு இடம் இல்லாமல் போகும். எனவே மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்து நடுவில் கம்பி வைத்து, சுமார் ஆறு மாசத்துக்கு ஒரு முறை சின்ன ஆபரேஷன் செய்து கம்பியை நீட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று யோசித்து, வெளியில் இருந்து காந்தக் கருவி வைத்தே நீட்டும் கம்பியைக் கண்டுபிடித்தார்கள். ஹாங்காங் டாக்டர்கள் 2009-ல் அதைப் பொருத்தி, 2012-ல் பலனை வெளியிட்டார்கள். அதன் விலை அதிகம். உள்ளே உலோகம் தேய்வது போன்ற சிக்கல்களும் பிறகு தெரிய வந்தன. புதுசு என்பதாலேயே நல்லது என்று எண்ண வேண்டியதில்லை.

நான்காவது முறை, விலா எலும்புகளும் ஒட்டிப்போய் மூச்சு விடவே சிரமப்படும் குழந்தைகளுக்கு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் டாக்டர் ராபர்ட் கேம்ப்பெல் விலா எலும்புகளை விரித்துப் பிடிக்கும் நீளும் கருவி ஒன்றை உருவாக்கினார். அந்த நாட்டு அரசு 2004-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. முதுகு நேரானால் மட்டும் போதாது, நுரையீரல் வளர இடம் வேண்டும் என்று டாக்டர்களைச் சிந்திக்க வைத்தது இவருடைய வேலை.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. மறைக்கக் கூடாது. ரத்த இழப்பு, சீழ் பிடிப்பது, கம்பி முறிவது, மிகச் சிலருக்கு கால் பலம் குறைவது என்று ஆபத்துகள் உண்டு. தண்டுவடத்துக்கு ஒட்டி வேலை செய்கிறார்கள் அல்லவா? அதனால்தான் ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு வேலை செய்கிறதா என்று கருவி மூலம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

திருகாணி போடுவதிலும் நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சி உதவியிருக்கிறது. வளைந்த முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் திரும்பி இருக்கும், ஆணியைச் சரியான இடத்தில் இறக்குவது கஷ்டம். ஆபரேஷன் மேஜையிலேயே படம் எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் வழி பார்த்து ஆணி போட்டால் என்ன என்று கங்கா மருத்துவமனையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: பழைய முறையில் போட்ட 100 ஆணிகளில் 23 எலும்பின் சுவரைத் தாண்டி இருந்தன. கம்ப்யூட்டர் உதவியோடு போட்டதில் 2 மட்டுமே. தாண்டின எல்லா ஆணியாலும் கெடுதல் வந்துவிடாது. ஆனாலும் வித்தியாசம் பெரிது.

எனவே சம்மதக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: இது எந்த வகைக் கோளாறு? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை ஆபரேஷன் தேவைப்படும்? நரம்பைக் கண்காணிக்கும் கருவி இங்கே இருக்கிறதா? இது மாதிரி எத்தனை குழந்தைக்குச் செய்திருக்கிறீர்கள்? கேட்பது நம் உரிமை. புரியாவிட்டால் இரண்டாவது தடவையும் கேட்கலாம்.

முதுகில் கட்டியோடு பிறந்தால்

இது இன்னொரு பிறவிக் கோளாறு. தண்டுவடத்தின் குழாய் சரியாக மூடாமல், இடுப்புப் பக்கம் நீர்க்கட்டி போலப் பிதுங்கி இருக்கும். ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். இதற்கு அவசரம் அதிகம். கட்டியைக் குத்தக் கூடாது, பவுடரோ மஞ்சளோ பூசக் கூடாது. குழந்தையைக் குப்புற அல்லது பக்கவாட்டில் படுக்க வைத்து, கட்டி காயாமல் சுத்தமான ஈரத் துணியால் லேசாக மூடி 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டி திறந்திருந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மூடி விடுவது நல்லது, தாமதித்தால் மூளைக் காய்ச்சல் வரலாம். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் கர்ப்ப ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்போதே தெரிந்தால் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

இதைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. ஏழு நாடுகளில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வில், ஏற்கனவே இப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது, மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்விலும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே மறுபடி வந்தது.

கவனிக்க வேண்டியது நேரம். குழாய் மூடுவது கரு தங்கிய 28 நாளுக்குள். மூன்றாம் மாசம் நர்சம்மா கொடுக்கும் மாத்திரையை அப்போது தொடங்கினால் இதற்குப் பயன் இல்லை. ரத்தத்துக்கு நல்லது, சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் முதுகுத்தண்டைக் காப்பாற்றக் கர்ப்பத்துக்கு ஒன்றிரண்டு மாசம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். முன்பு பாதிக்கப்பட்ட குழந்தை பெற்றவர்களுக்கு இதைப் போலப் பத்து மடங்கு அளவு வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுப்பார். கீரை, பச்சைப் பயறு, கடலை, முருங்கைக் கீரை எல்லாம் நல்லது, ஆனால் அவை மட்டும் போதாது. கீரை வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்து அதில்தான் போகிறது.

ஃபோலிக் அமிலம் இந்தக் குழாய்க் கோளாறைத்தான் தடுக்கும். பாதி எலும்பு வகையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. மாத்திரை சாப்பிட்டும் அப்படிப்பட்ட குழந்தை பிறந்தால் மாத்திரையையோ தாயையோ குறை சொல்ல வேண்டாம்.

எங்கே போவது? பணத்துக்கு என்ன வழி?

முதல் படி அங்கன்வாடி டீச்சரும் கிராம சுகாதார செவிலியரும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைப் பார்ப்பது இவர்கள் வேலை. அங்கிருந்து மாவட்ட அளவிலான தொடக்கநிலை சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பெரிய ஆபரேஷனுக்கு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை ஆகியவை உண்டு. தளி, பாகலூர், ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர்தான் பக்கம். அங்கே நிம்ஹான்ஸ், இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்கள் இருக்கின்றன.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை எடுக்கலாம். ஆபத்து வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். எல்லை தாண்டி பெங்களூரில் சேர்ப்பதாக இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில், அந்த ஆபரேஷனுக்கு நம் அட்டை செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் பகுதியில் குடியிருக்கும் பீகார், ஒடிசா, கர்நாடகக் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் ஊர் அட்டை வேறு.

வீட்டில் யாராவது ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வேலை பார்த்து சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறது என்றால், அவரது குழந்தைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. பல பேர் தன் காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

சில கேள்விகள்

"முதல் குழந்தைக்குக் கூன். அடுத்ததுக்கும் வருமா?" ஒரே ஒரு பாதி எலும்பு வகை என்றால் அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. நிறைய எலும்புகளில் இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

"கம்பி போட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா?" பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

"பள்ளிக்கூடம் போகலாமா?" கட்டாயம் போக வேண்டும். வளைவது முதுகு, மூளை அல்ல.

நம் குழு என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். நம் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. கடனுக்காகச் சேர்ந்த நாம் இதற்கும் சேரலாம். அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானங்களை நோட்டில் எழுதுங்கள்.

1. ஐந்து வயதுக்குள் உள்ள எல்லாக் குழந்தைக்கும், 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கும் இந்த மாதமே குனிய வைத்துப் பார்க்கும் சோதனை. ஊக்குநர் பொறுப்பு.
2. சந்தேகமான குழந்தையின் தாயோடு ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது.
3. பரிசோதனைக்கும் பஸ் செலவுக்கும் உள்கடனில் முன்னுரிமை. மீட்டர் வட்டிக்கு யாரும் போகக் கூடாது.
4. புதுசாகக் கல்யாணமான பெண்களின் பெயரை எழுதி, ஃபோலிக் அமில மாத்திரை கிடைக்கிறதா என்று செவிலியரிடம் கேட்பது.
5. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் ஊராட்சிக் கூட்டமைப்பு மூலம் மனு கொடுப்பது.

எத்தனை குழந்தைகளைப் பார்த்தீர்கள், எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள் என்று பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.